படுக்கையில ஒண்ணுக்கு போற பிள்ளைங்களுக்கான கிளிப் அலாரம்: வாங்கலாமா?

ஒரே வரியில பதில் வேணும்னா, வாங்கலாம். ஆனா வீட்டுல பெரியவங்க ஒருத்தராவது நடுராத்திரி எந்திரிச்சு வர தயாரா இருந்தா மட்டும் வாங்குங்க, இல்லன்னா அந்த காசுக்கு நல்லதா ரெண்டு ரப்பர் ஷீட் வாங்கி போட்டுட்டு இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கலாம், அதுல தப்பே இல்ல. எல்லா வீட்டுலயும் மூடி மறைக்கிற விஷயம்ங்கறதால இத பத்தி தமிழ்ல வெளிப்படையா எழுதறவங்க கம்மி, அதனாலயே நான் நீளமா எழுதறேன். எங்க பையனுக்கு தான் இத வாங்குனோம், அவன் பேரு, ஸ்கூல் பேரு எதுவும் எழுத போறதில்ல, நாளைக்கு அவன் பெரியவனாகி இத படிச்சா சங்கடப்பட கூடாது. கம்பெனி பேரும் வேணாம், இந்த மாதிரி சாமான் நெறைய பேரு விக்கறாங்க, உள்ள வேல செய்யற விதம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.

சாமான் ரொம்ப சிம்பிள். ஒரு சின்ன கிளிப், அத ஜட்டியில ஈரம் முதல்ல படற எடத்துல மாட்டணும். அதுல இருந்து மெல்லிசா ஒரு ஒயர் பனியனுக்குள்ளாற மேல போயி தோள்பட்டையில குத்தி வெக்கிற பாக்ஸ்ல சேரும், பாக்ஸ் உள்ளங்கைக்குள்ள அடங்கிரும். கிளிப்புல ரெண்டு உலோக பட்டை, ஒண்ண ஒண்ணு தொடாம இருக்கும். மூத்திரத்துல உப்பு இருக்கறதால கரண்ட் கடத்தும், ரெண்டு சொட்டு பட்டாலே சர்க்யூட் சேர்ந்துரும், உடனே பாக்ஸ் கத்தும், கூடவே அதிரும். அவ்ளோதான். ஒயர் இல்லாத மாடலும் இருக்கு, மெத்த மேல விரிக்கிற ஷீட் மாடலும் இருக்கு. ஷீட்டுல ஒரு கஷ்டம், ஈரம் துணியெல்லாம் தாண்டி கீழ போயி சேர்ந்தப்புறம் தான் அடிக்கும், அதுக்குள்ள பாதி வேல முடிஞ்சிருக்கும். ஏன் அந்த கொஞ்ச நேரம் கூட முக்கியம்னு கீழ சொல்றேன். நாங்க வாங்குனது ஒயர் வெச்சது.

சேலத்துல அஞ்சு ரோடு பக்கம், செவ்வாப்பேட்ட பக்கம்னு மெடிக்கல்ல எல்லாம் கேட்டு பார்த்தேன், ஸ்டாக் வெக்கறதில்லன்னாங்க, பாதி பேருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியல. ஆன்லைன்ல தான் வந்துச்சு.

வாங்கறதுக்கு முன்னாடி பிள்ளைங்க டாக்டர பாருங்க, இத தாண்டி போகாதீங்க. அஞ்சு வயசுக்கு கீழ இருந்தா இது பிரச்சனையே இல்ல, வளர்ச்சி தான். அஞ்சு வயசுல நூத்துக்கு பதினஞ்சு பிள்ளைங்களுக்கு கிட்ட இந்த பழக்கம் இருக்கும், அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் அந்த பிள்ளைங்கள்ல நூத்துக்கு பதினஞ்சு பேருக்கு தானாவே நின்னுரும். ஆனா ஆறு மாசத்துக்கு மேல நல்லா இருந்த பிள்ளை திடீர்னு மறுபடி நனைக்க ஆரம்பிச்சா, பகல்லயும் கசிஞ்சா, போறப்ப எரியுதுன்னா, ஓயாம தண்ணி தாகம்னா, மலச்சிக்கல் இருந்தா, பயங்கரமா குறட்ட விட்டா, அப்பல்லாம் அலாரம் வேணாம், முதல்ல டாக்டர் தான். சர்க்கரை, யூரின் இன்ஃபெக்‌ஷன் எல்லாம் பார்த்து இல்லன்னு தெரிஞ்சுக்கணும். மலச்சிக்கல நம்ம ஊர்ல யாரும் இதோட சேர்த்து யோசிக்கறதில்ல, குடல்ல கெட்டியா நின்னா அது மூத்திரப்பைய அமுக்கும், அத சரி பண்ணாலே சில பிள்ளைங்களுக்கு நின்னுரும்.

டாக்டர் கேட்ட இன்னொரு கேள்வி, அப்பா அம்மா யாருக்காவது சின்ன வயசுல இது இருந்துச்சாங்கறது. நான் இல்லன்னேன், எங்க வீட்டுக்காரரும் தலைய ஆட்டுனார். வீட்டுக்கு வந்து மாமியார்கிட்ட சொன்னதும் அவங்க, "இவங்கப்பன் என்ன, நாலாவது படிக்கற வரைக்கும் பாய நனைச்சவன் தான் கண்ணு" அப்படின்னாங்க. அன்னைக்கு பையன் மூஞ்சிய பார்க்கணுமே, அப்பாவுக்கும் இருந்துச்சாங்கற ஒரு விஷயத்துலயே பாதி பாரம் எறங்கிருச்சு. அப்பா அம்மாவுல ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைக்கு வர்ற வாய்ப்பு நூத்துக்கு நாப்பது சொச்சம், ரெண்டு பேருக்கும் இருந்தா எழுபதுக்கு மேல. சோம்பேறித்தனம், திமிரு, கொழுப்புன்னு பிள்ளைய பேசறவங்க இத தயவு செஞ்சு மனசுல வெச்சுக்கணும். தூக்கத்துல மூத்திரப்பை நெறைஞ்ச சேதி மூளைக்கு போயி எழுப்பறதில்ல, சில பிள்ளைங்களுக்கு ராத்திரி மூத்திரம் சுரக்கறத கொறைக்கிற ஹார்மோனும் பத்தறதில்ல. தூங்கற பிள்ளை இதுல என்ன பண்ண முடியும்.

சரி, அலாரம் இத எப்படி மாத்துது. நான் பி.எட் படிச்சவ, பாவ்லோவ் நாய், ஸ்கின்னர் பெட்டி, ஆக்கநிலையிறுத்தம் (அனுபவத்தால ஒடம்பு ஒரு பழக்கத்த கத்துக்கறது) எல்லாம் பரிட்சைக்கு மனப்பாடம் பண்ணி எழுதுனது தான், ஆனா அது ஒரு பிள்ளையோட படுக்கையில ராத்திரி ரெண்டு மணிக்கு நடக்கறத கண்ணால பார்க்கறப்ப தான் இவ்ளோ பெரிய விஷயத்த நாம பத்து மார்க் கேள்வியா படிச்சோமான்னு இருந்துச்சு.

பாவ்லோவ் ஜீரணத்த பத்தி ஆராய்ச்சி பண்ணவரு, அதுக்குத்தான் 1904ல நோபல் பரிசு. நாய்க்கு சோறு வாயில விழுந்தா எச்சி ஊறும், அது பொறப்புலயே இருக்கறது. ஆனா சோறு கொண்டு வர்ற ஆள பார்த்தாலே ஊறுதேன்னு கவனிச்சாரு, அப்புறம் மெட்ரோனோம்னு தாளம் தட்டற கருவியோட சத்தத்தையும் சோத்தையும் சேர்த்து சேர்த்து குடுக்க, கொஞ்ச நாள்ல அந்த டக் டக் சத்தத்துக்கே எச்சி ஊற ஆரம்பிச்சுது. சேலத்துக்காரங்களுக்கு இத வெளக்கவே வேணாம், சாயங்காலம் தட்டுவடை செட் வண்டியில தட்டுவடை மேல சட்னி தடவி கேரட் பீட்ரூட் துருவல அள்ளி வெக்கறத எட்ட நின்னு பார்த்தாலே நமக்கு நாக்குல தண்ணி ஊறுது, இன்னும் ஒரு துண்டு கூட வாயில வெக்கல. நாம கத்துக்கணும்னு உக்காந்து கத்துக்கிட்டதில்ல அது, ஒடம்பு அதுவா கத்துக்கிட்டது.

பெட்ல அலாரம் வெக்கற யோசனையும் 1904லயே வந்துருச்சு. ஃபாவுண்ட்லர்னு ஒரு பிள்ளைங்க டாக்டர், ஆஸ்பத்திரி வார்டுல எந்த பிள்ளை நனைச்சிருக்குன்னு நர்சுங்களுக்கு ஒடனே தெரியணும்னு மணி அடிக்கிற மாதிரி ஏற்பாடு பண்ணாரு, துணி மாத்த வசதியா இருக்கட்டும்னு தான். ஆனா அப்படி மணி வெச்ச பிள்ளைங்களுக்கு கொஞ்ச நாள்ல நனைக்கறதே கொறைஞ்சு போச்சு. அத பாவ்லோவ் பாடத்தோட சேர்த்து முறையா செஞ்சது அமெரிக்காவுல மவ்ரர்னு ஒரு சைக்காலஜிகாரரும் அவர் சம்சாரமும், 1938ல. ரெண்டு உலோக வலைக்கு நடுவுல துணி வெச்சு தெச்ச ஒரு விரிப்பு, பேட்டரி, ஒரு மணி. முப்பது பிள்ளைங்களுக்கு வெச்சு பார்த்து நல்ல பலன்னு எழுதுனாங்க. ஸ்கின்னரோட முதல் புத்தகம் வந்ததும் அதே 1938ல தான். இன்னைக்கு என் பையன் தோள்ல குத்தியிருக்கற பாக்ஸ் மவ்ரர் வீட்டு மணியோட பேரன்.

அவங்க சொன்ன கணக்கு இது. மூத்திரப்பை நெறையறது ஒரு சேதி, ஆனா தூங்கற பிள்ளைக்கு அதுக்கு அர்த்தம் தெரியல. மணி சத்தம் எழுப்பும், அதுக்கு யாரும் சொல்லி தர வேணாம். இது ரெண்டும் ஒரே நேரத்துல திரும்ப திரும்ப வந்தா ஒரு கட்டத்துல மணி அடிக்கறதுக்கு முன்னாடியே, பை நெறைஞ்ச அந்த உணர்வே எழுப்பி விட்டுரும். ஒரே நேரத்துலங்கறது தான் இதுல உசுரு. ஷீட் மாடல் லேட்டா அடிக்கும்னு சொன்னேன்ல, அதனால தான் நாங்க கிளிப் எடுத்தோம்.

இத புரிஞ்சுக்கிட்டா நம்ம வீடுகள்ல காலங்காலமா பண்ற ரெண்டு வேல ஏன் பலிக்கறதில்லன்னு வெளங்கிரும். ஒண்ணு, பதினோரு மணிக்கு அரை தூக்கத்துல பிள்ளைய தூக்கிட்டு போயி பாத்ரூம்ல நிறுத்தி ஸ்ஸ்னு சொல்றது. படுக்கை காயும், நெசம் தான், ஆனா பிள்ளை ஒண்ணும் கத்துக்கறதில்ல, ஏன்னா பை நெறைஞ்சதுக்காக அது எந்திரிக்கல, அம்மா தூக்கனதுக்காக நின்னுச்சு, அதுவும் தூங்கிக்கிட்டே போச்சு. ரெண்டாவது, காலைல திட்டறது அடிக்கறது. ராத்திரி ரெண்டு மணிக்கு தூக்கத்துல நடந்ததுக்கு காலைல ஆறு மணிக்கு அடி விழுந்தா அந்த அடி எதோட போயி ஒட்டும்? முழிச்சு எந்திரிச்சு ஈரத்த பார்த்து முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான் பாருங்க, அந்த நிமிஷத்தோட ஒட்டும், திட்டறவங்க மூஞ்சியோட ஒட்டும். எங்க சொந்தத்துல ஒரு பொண்ணு, அடிக்கு பயந்து நனைஞ்ச பாவாடைய கட்டிலுக்கு அடியில டிரங்க் பெட்டிக்கு பின்னாடி சுருட்டி வெச்சிருந்துச்சு, நாத்தம் வந்து தான் கண்டுபிடிச்சாங்க. அந்த பிள்ளை கத்துக்கிட்டது மறைக்கறத தான், மறைச்ச நாளெல்லாம் அடி விழல, அதனால மறைக்கறது இன்னும் கெட்டிப்பட்டுச்சு, ஒரு வேலைக்கு பின்னாடி வர்ற பலன் தான் அந்த வேலைய கெட்டிப்படுத்தும்னு ஸ்கின்னர் சொன்னதுக்கு இத விட தெளிவா உதாரணம் வேணாம். பாவம், இன்னைக்கும் அது சொந்தக்காரங்க வீட்டுல ராத்திரி தங்கறதுன்னா யோசிக்குது. சூடு வெப்பேன்னு மிரட்டறது, நாலு பேர் முன்னாடி சொல்லி சிரிக்கறது எல்லாம் இதே கணக்குல தான் சேரும், தயவு செஞ்சு பண்ணாதீங்க.

நேரம் தள்ளி வந்தா ஒட்டாதுன்னு சொன்னேன், இதுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு, அதையும் சொல்லணும், ஏற்காட்டுக்காரங்களுக்கும் அங்க அடிக்கடி போறவங்களுக்கும் ரொம்ப பரிச்சயமானது. மேல ஏறறதுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. கீழ அடிவாரத்துல நல்லா சாப்பிட்டுட்டு பஸ் ஏறி, பாதியில வாந்தி எடுத்த பிள்ளைங்க அன்னைக்கு சாப்பிட்டத அப்புறம் வருஷக்கணக்கா தொடாதுங்க. கொமட்டுனது பஸ்னாலயும் வளைவுனாலயும் தான், சாப்பாட்டு மேல குத்தமே இல்ல, அது அந்த பிள்ளைக்கே தெரியும், ஆனாலும் அந்த வாசனை வந்தாலே வயித்த பெரட்டும். சாப்பிட்டு மணிக்கணக்குல கழிச்சு கொமட்டுனாலும், ஒரே ஒரு தடவ நடந்தாலும், ஒட்டிரும். கார்சியான்னு ஒருத்தர் எலிங்கள வெச்சு 1950கள்லயும் 60கள்லயும் காமிச்சது இது தான், அந்த காலத்துல பல பேர் நம்பவே இல்ல. வயித்துக்கும் நாக்குக்கும் மட்டும் ஒடம்பு அப்படி ஒரு தனி வழி வெச்சிருக்கு, கெட்டு போனத தின்னு செத்துட கூடாதேன்னு. மூத்திரத்துக்கு அந்த வழி கெடையாது, அதுக்கு அந்த நிமிஷமே சேதி வரணும்.

இப்ப நெசமா வீட்டுல என்ன நடக்கும்னு சொல்றேன், பெட்டி மேல ஒரு பிள்ளை சிரிச்சுக்கிட்டே தூங்கற படம் போட்டிருக்கும், அத பார்த்து ஏமாறாதீங்க. முதல்ல அலாரம் அடிச்சா எல்லாரும் எந்திரிப்பீங்க, எதிர் வீட்டு நாய் கொலைக்கும், பிள்ளை மட்டும் அசைய மாட்டான். இத பார்த்துட்டு தான் பாதி பேர் "இது வேஸ்ட்"னு ஒரு ஸ்டார் போட்டுட்டு திருப்பி அனுப்பிடறாங்க, ரிவ்யூல எல்லாம் படிச்சா தெரியும். அது வேஸ்ட் இல்லீங்க, ஆரம்பம் அப்படித்தான் இருக்கும். ஒடனே நீங்க போயி அவன எழுப்பணும், கண்ண முழிச்சு பேசற அளவுக்கு எழுப்பணும், மூஞ்சில ஈர கைய வெச்சாலும் சரி, ரெண்டு கேள்வி கேட்டாலும் சரி. அப்புறம் முக்கியமான விஷயம், பட்டன நீங்க அமுத்தாதீங்க. அவன் தான் அமுத்தணும், அவன் தான் பாத்ரூமுக்கு நடக்கணும், மீதிய அங்க போகணும், வந்து வேற ஜட்டி போட்டு கிளிப்ப மறுபடி மாட்டணும். பாவம் தூங்கட்டும்னு நீங்களே ஆஃப் பண்ணிட்டு துணிய மாத்தி விட்டீங்கன்னா அவன் கத்துக்கறது என்ன, நாம அசையாம படுத்திருந்தா சத்தம் தானா நிக்குங்கறது. அதுவும் ஒரு நாள் நீங்க எழுப்பி ஒரு நாள் விட்டுட்டா இன்னும் மோசம், ஏற்காட்டுல ஏரிக்கரையில கொரங்குக்கு எப்பவாவது ஒருத்தர் சிப்ஸ் பாக்கெட்ட குடுத்துடறதால தான் அது ஒவ்வொரு கையையும் பிடுங்க வருது, எப்பவாவது பலிக்கற பழக்கம் தான் லேசுல போகாது.

எங்க வீட்டுல இந்த எழுப்பற வேலைய கடைசியில எடுத்துக்கிட்டது யாருன்னா மாமியார். ஆரம்பத்துல, "தாயத்து கட்டுனா போற விஷயத்துக்கு இந்த கரண்ட் பொட்டியெல்லாம் பிள்ளை ஒடம்புல கட்டணுமா"ன்னு கேட்டவங்க. ஷாக் அடிக்குமோன்னு அவங்களுக்கு பயம், நியாயமான பயம் தான். அத்தை, சின்ன பேட்டரி தான், அதுக்கும் வீட்டு கரண்ட்டுக்கும் சம்பந்தமே இல்ல, நீங்களே நாக்குல வெச்சு பாருங்கன்னு சொல்லி நானே கிளிப்ப ஈர விரல்ல தொட்டு காமிச்சதுக்கு அப்புறம் தான் சமாதானம் ஆனாங்க. வயசானவங்களுக்கு தூக்கம் கம்மி, சத்தம் வந்த அடுத்த செகண்ட் அவங்க குரல் கேக்கும், "எந்திரி சாமி, மணி அடிக்குது பாரு, எந்திரி தங்கம்". கோவமே இருக்காது அந்த குரல்ல. அந்த பாக்ஸுக்கு எவ்ளோ மார்க் போடறேனோ அதே மார்க் அந்த குரலுக்கும் போடணும். ஏன்னா அலாரம் சத்தத்தோட என்ன வந்து சேருதுங்கறது முக்கியம், அதோட திட்டு வந்தா பிள்ளைக்கு அந்த சத்தமே பயமாயிரும், கிளிப்ப மாட்டவே விட மாட்டான்.

பலன் எப்படி தெரியும்னா, காஞ்ச படுக்கை ஒடனே வராது, அத எதிர்பார்த்து ஒடைஞ்சு போயிராதீங்க. முதல்ல ஈரத்தோட அளவு சின்னதாகும், மெத்த முழுக்க நனைஞ்சது போயி ஜட்டி மட்டும் நனையும். அப்புறம் அலாரத்துக்கு அவனா முழிப்பான். அப்புறம் அடிக்கற நேரம் விடியகாலைய நோக்கி தள்ளி போகும். அப்புறம் தான் காஞ்ச ராத்திரி. பொதுவா ரெண்டுல இருந்து மூணு மாசம் வரைக்கும் ஆகலாம்னு டாக்டர் சொன்னாரு, அதே மாதிரி தான் எங்களுக்கும் மாசக்கணக்குல ஆச்சு. முறையா வெச்ச பிள்ளைங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேருக்கு கிட்ட பலன் கெடைக்குது, ஆக எல்லாருக்கும் வேல செய்யும்னு சொல்ல முடியாது. ஆறு எட்டு வாரம் விடாம வெச்சும் மேல சொன்ன ஒரு மாத்தமும் இல்லன்னா நிறுத்திட்டு கொஞ்ச மாசம் கழிச்சு மறுபடி பார்க்கலாம், பிள்ளை மேல தப்பில்ல.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் ஒண்ணு. மவ்ரர் கணக்குப்படி பார்த்தா பையன் கடைசியில பை நெறைஞ்சதும் எந்திரிக்கணும். ஆனா நெறைய பிள்ளைங்க எந்திரிக்கறதே இல்ல, விடிய விடிய தூங்கறாங்க, படுக்கையும் காஞ்சு இருக்கு. எங்க பையனும் இப்ப அப்படித்தான். அப்ப எழுந்துக்க கத்துக்கலியே, என்ன கத்துக்கிட்டான்? 1960கள்ல லோவிபாண்ட்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரர் இத பிடிச்சுக்கிட்டு, இது வெறும் மணியும் எழுப்பறதும் சேர்ந்த கதை இல்ல, அந்த சத்தத்த தவிர்க்கறதுக்கு தூக்கத்துலயே ஒடம்பு கீழ தசைய இறுக்கி பிடிச்சுக்க கத்துக்குதுன்னு சொன்னாரு. அதாவது பாவ்லோவ் பாடமும் ஸ்கின்னர் பாடமும் ஒரே ஜட்டிக்குள்ள நடக்குது. எது எவ்ளோங்கறத ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. எனக்கு ஆச்சரியமா இருக்கறது, நெனப்பே இல்லாம தூங்கற ஒரு சின்ன ஒடம்பு இவ்ளோ கத்துக்குதேங்கறது தான்.

பரிசு விஷயத்துல ஒரு வார்த்த. சுவத்துல சார்ட் ஒட்டி நட்சத்திரம் ஒட்டறது நல்லது தான், ஆனா காஞ்ச ராத்திரிக்கு நட்சத்திரம் குடுக்காதீங்க. அது அவன் கையில இல்ல, தூங்கறப்ப நடக்கறதுக்கு பரிசுன்னு வெச்சா கெடைக்காத நாளெல்லாம் அது தண்டனையா தான் போயி சேரும். அவன் முழிச்சு செய்யக்கூடியதுக்கு குடுங்க: படுக்கறதுக்கு முன்னாடி பாத்ரூம் போனது, கிளிப்ப அவனே மாட்டுனது, சத்தம் வந்ததும் எந்திரிச்சு நின்னது, நனைஞ்ச துணிய பக்கெட்ல போட்டது, பகல்ல ஒழுங்கா தண்ணி குடிச்சது. தண்ணிய கொறைக்கவே கூடாது, ஸ்கூல்ல குடிக்காம வந்து ராத்திரி மொத்தமா குடிக்கற பிள்ளைங்க தான் அதிகம். எங்க வீட்டுல நட்சத்திரம் சேர்ந்தா ஞாயித்துக்கெழம தட்டுவடை செட், காரம் கம்மியா.

சாமானோட கொறைங்க. சேலத்து சித்திரை வைகாசி புழுக்கத்துல ராத்திரி கரண்ட் போச்சுன்னா வேர்வைக்கே அடிக்குது, பிள்ளை காஞ்சு தான் இருக்கான், பாக்ஸ் கத்துது. இது சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனா ஈரமே இல்லாம சும்மா சும்மா அடிச்சா அந்த சத்தத்துக்கு இருக்கற அர்த்தமே கெட்டு போகும், பிள்ளை ஒடம்பு அத கண்டுக்காம விட பழகிரும். ரெண்டு காட்டன் ஜட்டி, கிளிப் வெளி ஜட்டியில, அப்படி மாட்டுனதுல பாதி கொறைஞ்சுது. ஏற்காட்டுல சொந்தக்காரங்க வீட்டுல தங்குனப்ப குளிர்ல ஒரு தடவ கூட பொய்யா அடிக்கல. ரெண்டாவது, கிளிப்புல துரு. ஒவ்வொரு காலையும் நல்ல தண்ணியில கழுவி ஒணத்தணும், உப்பு படிஞ்சா அடுத்த நாள் கிளிப் மாட்டுன ஒடனே அடிக்கும். ஒயர் பாக்ஸ்ல சேர்ற எடத்துல சீக்கிரம் இத்து போகுது, அங்க கொஞ்சம் டேப் சுத்தி வெச்சிருக்கோம். சத்தத்த கொறைக்கற வசதி இருக்கு, கொறைக்காதீங்க. சில மாடல்ல பல டியூன் இருக்கும், நடுவுல டியூன மாத்தறது நல்லது, ஒரே சத்தம் பழகி போகாம இருக்கும்.

மாத்திரை இருக்கேன்னு கேப்பீங்க. டெஸ்மோபிரெசின்னு ஒண்ணு, ராத்திரி மூத்திரம் சுரக்கறத கொறைக்கும், டாக்டர் எழுதி குடுத்தா தான், போட்டுக்கிட்டா ராத்திரி தண்ணி குடிக்கறதுல ரொம்ப கட்டுப்பாடு வேணும், இல்லன்னா ரத்தத்துல சோடியம் கொறைஞ்சு ஆபத்து. சீக்கிரம் வேல செய்யும், ஸ்கூல் டூர், கல்யாண வீடுன்னா கை குடுக்கும், ஆனா நிறுத்துனா பெரும்பாலும் திரும்ப வந்துரும், ஏன்னா ஒடம்பு எதையும் கத்துக்கல. அலாரம் மெதுவா வரும், வந்தா நெறைய பேருக்கு நிலைக்கும். ரெண்டையும் பத்தி டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ணுங்க.

தொடர்ந்து பதினாலு ராத்திரி காஞ்சா கணக்கு முடிஞ்சுதுன்னு சொல்வாங்க. அதுக்கப்புறம் ஒடனே கழட்டி வெக்காம டாக்டர் இன்னொண்ணு செய்ய சொன்னாரு: படுக்கறதுக்கு முன்னாடி வேணும்னே கொஞ்சம் கூடுதலா தண்ணி குடுத்து, அலாரத்தோட சேர்த்து இன்னும் கொஞ்ச நாள். நனைய வெக்கறதுக்கா இவ்ளோ பாடுபட்டோம்னு தோணும், ஆனா நெறைஞ்ச பைய தாங்கற பழக்கம் கெட்டிப்படறது அப்பத்தான், திரும்ப வர்றதும் கொறையும். எங்களுக்கு நடுவுல பரிட்சை சமயத்துல திரும்ப வந்துச்சு, மறுபடி கிளிப்ப மாட்டுனோம், முதல் தடவ ஆன நேரத்துல கால்வாசி கூட ஆகல. ஒரு தடவ கத்துக்கிட்டது மறைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் உள்ள கெடக்கும்னு பாவ்லோவே தன் நாய்ங்ககிட்ட பார்த்திருக்காரு. அதனால திரும்ப வந்தா பதறாதீங்க, எடுத்து மாட்டுங்க.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒண்ணு கொறைச்சது துருவுக்கு இல்ல, உள்ள வெச்சிருக்கற பேப்பருக்கு. தமிழ்ல ஒரு வரி கெடையாது, இங்கிலீஷ்ல இருக்கறதுலயும் பேட்டரி மாத்தறது பத்தி பக்கம் பக்கமா இருக்கு, முதல் வாரங்கள்ல பெரியவங்க தான் எழுப்பணும்ங்கறது ஒரு எடத்துல கூட இல்ல. அந்த ஒரு வரி இருந்திருந்தா அந்த ஒரு ஸ்டார் ரிவ்யூ போட்டவங்கள்ல எத்தன வீட்டு பிள்ளைங்க இன்னைக்கு நிம்மதியா தூங்கியிருக்கும். செகண்ட் ஹேண்ட்ல வாங்கறதா இருந்தா பாக்ஸ் வாங்கலாம், கிளிப்பும் ஒயரும் மட்டும் புதுசா வாங்கிக்கோங்க, தனியா கெடைக்குது.